பதினேழாம் குழாயின் கடைசிக் கழுவல்

பத்தொன்பது வருஷமாக அவளுடைய உத்தியோகம், வந்த விருந்தாளியை மரியாதையாக வெளியே அனுப்பிவைப்பது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். வாங்க வாங்க என்று சொல்ல யாருக்கும் தெரியும், போய்வாருங்கள் என்று சொல்ல எத்தனை பேருக்குத் தெரியும் என்று திருப்பிக் கேட்பாள். அவள் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

மூன்றாம் மாடியில் இருக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் நான்கு மேசை, இரண்டு குளிர்பெட்டி, ஒரு நீளமான கழுவுதொட்டி. தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் அதில் ஏறி இறங்கும் குழாய்களும் தெரியும். அதை அழகான காட்சி என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள். ஆனால் மனசைக் கழற்றி எங்காவது மாட்டிவைக்க ஓர் இடம் வேண்டுமே, அதற்கு அந்தச் சுவர் அவளுக்குத் தாராளமாகப் போதும்.

அங்கே செய்வது ஒரு வகைப் பிளாஸ்டிக் பொடி. ரத்தத்தில் ஆயிரம் வகைப் புரதங்கள் மிதக்கின்றன. அவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் அடையாளம் கண்டு பிடித்து வைத்துக்கொள்ளும் பொடி. செய்முறையைக் கேட்டால் கதை போலத்தான் இருக்கும். இன்னும் இறுகாத பிளாஸ்டிக் திரவத்தில் அந்தப் புரதத்தைக் கலந்துவிடுவார்கள். திரவம் அதைச் சூழ்ந்துகொண்டு, எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்தப் பக்கம் ஒட்டும், எந்தப் பக்கம் முறைக்கும் என்று தடவிப் பார்த்து, அப்படியே அணைத்தபடி இறுகும். இறுகியதை அரைத்துச் சலித்தால் மாவு போல ஒரு பொடி. அதற்குள் இருக்கும் புரதத்தைக் கழுவி வெளியேற்றிவிட்டால், அதன் உருவத்துக்கும் சுபாவத்துக்கும் மட்டுமே பொருந்துகிற காலி அறைகள் மிஞ்சும். பிறகு யாருடைய ரத்தத்தில் போட்டாலும், அந்தப் புரதம் அதில் இருந்தால் நேரே வந்து தன் அறைக்குள் புகுந்துகொள்ளும். மற்றதெல்லாம் வாசலோடு போய்விடும். அந்தப் புரதத்துக்குத்தான் கூடத்தில் எல்லாரும் வைத்த பெயர் விருந்தாளி.

விருந்தாளி என்று செல்லமாகச் சொன்னாலும், அது வந்து நிற்கும் இடம் நல்ல இடமில்லை. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும்போது, உடம்புக்கே இன்னும் சேதி தெரியாத காலத்தில், ரத்தத்தில் எட்டிப் பார்க்கிற ஆசாமி அது. மருத்துவமனையின் வழக்கமான பரிசோதனையில் அகப்பட வருஷக்கணக்காகும். அதற்கு முன்பே பிடித்துவிடத்தான் இந்தப் பொடியும், இத்தனை பேர் படும் பாடும்.

அவள் இதற்கெல்லாம் படித்தவள் இல்லை. இருபது வயதில் சட்டைப் பொத்தான் செய்யும் ஆலையில் சேர்ந்தாள். அச்சில் பிளாஸ்டிக் ஊற்றுவது, இறுகியதும் தட்டி எடுப்பது, நான்கு துளை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஆலை மூடியபோது அவளுக்கு முப்பத்திரண்டு. கழுவுவதற்குப் பொறுமையான ஆள் வேண்டும் என்று இந்தக் கூடத்தில் கேட்டார்கள், வந்துவிட்டாள். கூடத்தின் தலைவியான மேடம் முதல் நாள் இந்த அச்சு விவகாரத்தை அரை மணி நேரம் விளக்கினாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அங்கே அச்சுக்குள்ளே பிளாஸ்டிக், இங்கே பிளாஸ்டிக்குக்குள்ளே அச்சு, அவ்வளவுதானே என்றாளாம் இவள். மேடம் அன்றைக்கே அவளைப் பிடித்துக்கொண்டார்.

கழுவல் என்றால் லேசுப்பட்ட வேலை இல்லை. சிறு சிறு குழாய்களில் பொடி இருக்கும். ஒவ்வொரு குழாய்க்கும் பன்னிரண்டு கழுவல்: சோப்புத் தண்ணீரில் நான்கு, அமிலத்தில் ஆறு, வெறும் தண்ணீரில் இரண்டு. ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும், சுற்றுமெஷினில் போட்டுப் பொடியை அடியில் படியவிட வேண்டும், மேல்தண்ணீரை இறுத்துவிட வேண்டும். ஒரு கழுவல் குறைந்தாலும் விருந்தாளி கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். பிறகு நல்ல ஆரோக்கியமான ஆளின் ரத்தத்தைப் போட்டால்கூட, ஏற்கெனவே ஒளிந்திருந்தது வெளியே வந்து, மீட்டர் முள் எகிறும். இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். இந்தத் தொழிலில் ஆட்களைப் படுகுழியில் தள்ளுகிற தப்பு இது ஒன்றுதான்.

அதனால் அவள் எண்ணிக்கையை நம்புவதில்லை, மூளையையும் நம்புவதில்லை. வெள்ளைக் கோட்டின் இடது ஓரத்தில் பன்னிரண்டு துணிக் கிளிப்புகளை மாட்டிக்கொள்வாள். ஒரு கழுவல் முடிந்தால் ஒரு கிளிப்பு வலது ஓரத்துக்குப் போகும். இன்னொரு பழக்கமும் உண்டு, அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு குழாயின் கடைசி அமிலக் கழுவலைக் கொட்டிவிடாமல், ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிக் குலுக்கிப் பார்ப்பாள். நுரை நின்றால் உள்ளே இன்னும் விருந்தாளி இருக்கிறது. நுரை பட்டென்று அடங்கினால் கிளம்பிவிட்டது. பார்த்த பிறகும் குப்பியைக் கொட்டமாட்டாள். எண் எழுதிக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்துவிடுவாள். மீட்டர் பார்க்கும் மெஷின்காரர், ஓய்வுபெற ஒரு வருஷமே பாக்கி இருக்கிற தொந்திக்காரர், அக்காவின் அழுக்குத்தண்ணீர் சேமிப்பு என்று அதைக் கிண்டல் செய்வார். நுரையக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்ததும் அந்தப் புண்ணியவான்தான்.

கழுவும்போது அவள் அங்கே இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கை மட்டும்தான் அங்கே இருக்கும். குலுக்குகிற தாளத்தில் கண் ஜன்னல் சுவருக்குப் போகும், சுவர் மெல்லக் கரையும், அவள் ஒரு பொடித்துகளுக்குள் இறங்கிவிடுவாள். உள்ளே வெள்ளையாக ஒரு தெரு. இரண்டு பக்கமும் அறைகள். எல்லாம் ஒரே அறை, ஒரே ஆளுக்காகக் கட்டியது. ஓர் அறையில் தோள் சாய்கிற வளைவு, இன்னொன்றில் முழங்கால் மடங்குகிற பள்ளம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. நனைந்த தரையில் அவள் நடந்துகொண்டே, ஒவ்வொரு வாசலிலும் நின்று, உள்ளே யாருங்க என்று கேட்டுக்கொண்டே போவாள். பதில் வராவிட்டால் அடுத்த வாசல். அப்படி நடந்து நடந்து வெளியே வரும்போது கிளிப்புகள் எல்லாம் வலது ஓரத்தில் இருக்கும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் பிசகியது இல்லை.

இந்த முறை, பொடியை முதன்முதலாக மனித ரத்தத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நோய்நொடி இல்லாத முப்பது பேர் வேண்டும். அந்தக் கட்டடத்திலேயே ஆள் சேர்த்தார்கள். வாசற்காவலர் கொடுத்தார், மெஷின்காரர் கொடுத்தார், அவளும் கையை நீட்டினாள். யாருடைய எண் எது என்பது எதிரே இருக்கும் மருத்துவமனையில் ஓர் உறைக்குள் ஒட்டிவைக்கப்பட்டது. கூடத்தில் எண் மட்டும்தான். ஆனால் ரத்தம் எடுத்த நர்ஸ் குப்பியில் சீட்டு ஒட்டும்போது அவள் பார்த்துவிட்டாள். பதினேழு. பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை; கண் இருந்தது, பார்த்துவிட்டது.

ஆளுக்கு ஒன்றாக முப்பது குழாய்களையும் அவள்தான் கழுவினாள். பதினேழில் இருந்தபோது மகள் ஃபோன் செய்தாள். கண்ணாடிக் கடையில் கணக்கராக வேலை பார்த்துக்கொண்டு, கணவனோடு தூரத்தில் இருப்பவள். மூன்று மாசம், அம்மா என்றாள். அவ்வளவுதான். இவள் ஃபோனை வைத்துவிட்டுக் குழாயை எடுத்தாள். அன்றைக்கு அந்த வெள்ளைத் தெருவில் நடக்கவில்லை, மிதந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அறை அறையாக ஒரு குழந்தை முகத்தைத் தேடிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது கிளிப்புகள் வலப்பக்கம் இருந்தன. நான்காம் கழுவலுக்கும் பத்தாம் கழுவலுக்கும் நடுவே என்ன நடந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பதினேழாம் குப்பியை மட்டும் குலுக்கிப் பார்த்ததாகவும் ஞாபகம் இல்லை. எண்ணை எழுதி அடித்தட்டில் வைத்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

பத்து நாள் கழித்து மெஷின்காரர் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இருபத்தொன்பது எண்களுக்கு நேரே ஒன்றுமில்லாத மாதிரிச் சின்னச் சின்ன அளவுகள். பதினேழுக்கு நேரே மட்டும் முள் எங்கேயோ போயிருந்தது.

மேடம் தாளை வெகுநேரம் பார்த்தார். ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் இவ்வளவு ஏறியிருக்கிறது என்றால் அது ஆளின் கோளாறாக இருக்காது, கழுவலில் ஏதோ விட்டுப்போயிருக்கும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். மெஷின்காரர்தான் மல்லுக்கு நின்றார். நுரையக்கா கழுவியதில் மிச்சம் இருக்காது, வேண்டுமானால் என் மீட்டரைச் சந்தேகப்படுங்கள் என்றார். இவள் அவரை மேலே பேசவிடவில்லை.

"இல்லீங்க மேடம், நான்தான் விட்டுட்டேன். அன்னைக்குப் பொண்ணு ஃபோன் பண்ணா, மனசு ஒரு நிலையில இல்ல," என்றாள்.

மேடம் கழுவல் நோட்டை எடுத்துப் பதினேழாம் வரியின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். அந்த நோட்டில் விழுந்த முதல் சிவப்புக் கோடு. வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் உயிர் போயிருக்கும். அன்றைக்கு அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தெம்பாக இருந்தது. தப்பு அவளுடையதென்றால் உடம்பில் ஒன்றும் இல்லை. உடம்பில் இருக்கிறதென்றால் தப்பு அவளுடையதில்லை. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் யார்தான் யோசிப்பார்கள்?

மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்க்கலாமே என்றால், பொடி தீர்ந்துவிட்டது. அடுத்த பொடி இறுகிச் சலித்து வர இரண்டு மாசம். பதினேழை அடித்துவிட்டு இருபத்தொன்பது பேரை வைத்து அறிக்கை எழுதிவிடலாம் என்று மேடம் முடிவுசெய்தார். குளிர்பெட்டியின் அடித்தட்டில் பதினேழு என்று எழுதிய குப்பி ஒன்று இருப்பது அவள் ஒருத்திக்குத்தான் ஞாபகம் இருந்தது. ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும், தெரிந்துவிடும். அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை.

அப்புறம் வந்த நாட்கள் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தன. சத்தமெல்லாம் தூரத்திலிருந்து வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடக்கிற கடைப்பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனாள், ஒரு வாரத்தில் மூன்று தடவை. வெயிலில் தூசி மிதப்பதைப் பார்த்தால் நின்றுவிடுவாள். மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது ஈரப் போர்வைக்குப் பின்னால் அந்த வெள்ளைத் தெரு தெரியும். இப்போது வாசல்களில் நின்று யாருங்க என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பதில் வந்துவிட்டால் என்ன செய்வது? விலகி விலகி நடந்தாள். அது ஒரு சுகமான மயக்கமாகவும் இருந்தது; பொய் சொல்வானேன். ஒன்றும் தெரியாதவரை குழந்தை பிறக்கும், இவள் போய் மூன்று மாசம் கூட இருப்பாள், மகளுக்குத் தலைவாரி விடுவாள், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வாயைத் திறந்தால் லிஃப்டைத் தவிர வேறு பேச்சு கிடையாது, இவள் காதில் போட்டுக்கொள்வதும் கிடையாது. அந்த வாரத்தில் ஒரு நாள் அவளாகவே வலியப் போய், பார்க்காமலே பார்த்ததாக எப்போதாவது கையெழுத்துப் போட்டது உண்டா என்று கேட்டாள். மனுஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருஷத்தில் முதல்முறையாகத் தன் தொழிலைப் பற்றி மனைவி கேட்டதாலா, கேட்ட கேள்வியாலா என்று சொல்வதற்கில்லை. ஒரே ஒரு தடவை போட்டதுண்டு என்று ஒப்புக்கொண்டார். ஏழு மாடிக் கட்டடம், அன்றைக்குக் காய்ச்சல், மேலே ஏறாமலே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். ஒன்றும் ஆகவில்லையாம். ஆனால் அடுத்த தடவை பார்க்கிற வரைக்கும், அந்தப் பக்கம் போனால் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று, உள்ளே போகிறவர்களை எண்ணிக்கொண்டே இருப்பாராம். சொல்லிவிட்டு, ஏன் கேக்குற என்றார். சும்மாதான் என்றாள். காலை நீட்டிக் கணுக்காலை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். வீக்கம் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

தாள் வந்த பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை, குளிர்பெட்டி துடைக்கும் நாள். யாரும் உரிமை கொண்டாடாத குப்பியெல்லாம் தொட்டிக்குப் போகும். மெஷின்காரர் கையுறை மாட்டிக்கொண்டு அடித்தட்டை இழுத்தார். அக்கா, உங்க சேமிப்பை இன்னைக்குக் காலி பண்ணிடலாமா என்று கேட்டார். பண்ணிடுங்க என்றாள். அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூடியைத் திறந்து கொட்டிக்கொண்டே வந்தார். அவள் ஜன்னல் சுவரைப் பார்த்தபடி நின்றாள். கொட்டுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் நெஞ்சு இலேசாகிக்கொண்டே வந்தது. இன்னும் ஐந்து. இன்னும் நான்கு. கொட்டிவிட்டால் அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, அவளாலும்தான்.

அப்போது கீழே வாசற்காவலர் யாருக்கோ கதவைத் திறந்துவிட்டுச் சிரிப்பது கேட்டது. அவரும் முப்பதில் ஒருவர். இந்தப் பதினேழு அவராக இருந்திருந்தால்? ஒரு மனுஷனின் உடம்பில் விஷயம் தொடங்கிவிட்டதா என்று சொல்லக்கூடிய ஒரே தண்ணீரை, கழுவியவள் கண்முன்னாலேயே கொட்டவிடுவாளா? பெட்டியையே கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பாள். அது தன் ரத்தம் என்பதற்காக இந்த அயோக்கியத்தனம் செய்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

பதினாறைக் கொட்டிவிட்டு அடுத்ததை எடுத்தவரின் கையைப் பிடித்தாள். அதை மட்டும் கொடுங்க என்று வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, குலுக்கினாள். நுரை எழும்பியது. அவள் அதையே பார்த்தாள். நில்லு, நில்லு என்று வாய்விட்டே சொன்னாள். வாழ்நாளில் ஒரு நுரையை அவள் அப்படிக் கெஞ்சியதில்லை. நுரை பட்டென்று அடங்கி, தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

மீட்டரில் ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னாள். அவர் பார்த்தார். வெறும் அமிலத்துக்கு என்ன வந்ததோ அதேதான் இதற்கும் வந்தது. சந்தேகம் தீர இன்னொரு தடவையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? நீங்க தப்புப் பண்ற ஆளே கிடையாதுக்கா," என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பாவம், சந்தோஷத்தில் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மேடத்தின் அறை கூடத்துக்குப் பக்கத்தில்தான், பதினைந்து அடி இருக்கும். அந்தப் பதினைந்து அடியை அவள் எவ்வளவு நேரம் நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மேடம் அறிக்கையில் இருபத்தொன்பது என்று எழுதிக்கொண்டிருந்தார். அவள் மீட்டர் தாளை நீட்டினாள். பதினேழின் கடைசி அமிலக் கழுவல் இது, எடுத்து வைத்திருந்தேன் என்றாள். மேடம் இரண்டு முறை படித்தார். ஒரு நல்ல விஞ்ஞானிக்கு வருகிற சந்தோஷம் முதலில் முகத்தில் வந்தது: அப்படியென்றால் பொடி வேலை செய்கிறது. உடனே அது மறைந்தது.

"அப்ப உறையத் திறக்கணும். யாரோ பாவம், அவங்களுக்குச் சொல்லணும்," என்றார்.

"யாரோ இல்லீங்க மேடம். அது என் ரத்தம்."

மேடத்தின் பேனா அப்படியே நின்றது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். முதல் நாளிலிருந்தே என்றாள். அப்புறம் ஏன் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்று மேடத்துக்கு விளங்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு குழாயைக்கூடக் கெடுக்காதவள், கெடுத்துவிட்டேன் என்று வலியச் சொன்னது ஏன் என்று கேட்டார்.

"தப்பா இருக்கணும்னுதான் மேடம் வேண்டிக்கிட்டேன். கழுவினது சரியாப் போச்சு," என்றாள்.

நின்றபடியே அழுதாள். பயத்தில்தான் அழுதாள், ஆனால் அந்தக் கடைசிச் சொற்களைச் சொன்னபோது அவள் தலை கொஞ்சம் நிமிர்ந்ததையும் மேடம் பார்த்தார். எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஆரம்பம்தான், இப்போதே பார்த்ததால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது என்று சொன்னார். சொன்னது ஆறுதலுக்காக இல்லை, உண்மையும் அதுதான். பிறகு தொலைபேசியை எடுத்து எதிர் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவைக் கூப்பிட்டார். எண் எதுவும் சொல்லவில்லை.

"எங்க அக்கா ஒருத்தங்கள இப்பவே கூட்டிட்டு வர்றேன்," என்றார்.